விதி தெரியவில்லை

இணையக் கம்பி புதைக்கச்
சந்து முழுக்கத் தோண்டச் சொன்னார்கள்.
பதினேழாம் எண் வீட்டு வாசலுக்கு
வேலைத்தாளில் தனியாக ஒரு வரி:
பித்தளைக் கல், ஒன்று.
சேதமின்றி எடுத்து, கையெழுத்துப் பெற்று ஒப்படைக்கவும்.

இருபத்தாறு வருடமாகக்
காசெல் நகரத்து நடைபாதைகளில் கல் பதிக்கிறேன்.
மேல், கீழ், விளிம்பு.
கல்லில் வேறு எதையும் பார்த்ததில்லை.
நெம்பியதும் வந்துவிட்டது
கடைவாய்ப் பல் போல, அடியில் ஈரத்தோடு.
தலையில் ஓர் உள்ளங்கை அளவு பித்தளை:

இங்கே வாழ்ந்தார்
தெக்லா ப்ளௌட்
பிறப்பு 1903
நாடுகடத்தப்பட்டார் 1941, ரீகா
விதி தெரியவில்லை

தெரியாதது அந்த ஒன்றுதான்.
மற்ற விதிகளெல்லாம் தெரியும்.
எண்ணிட்டு, தேதியிட்டு, முத்திரை குத்திக்
காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன.
பூங்காவில் இந்த பெஞ்சில் உட்காரக் கூடாது.
பெயரோடு சாரா என்று சேர்த்துக்கொள்ள வேண்டும்.
இரவு எட்டுக்கு மேல் தெருவில் தென்படக் கூடாது.
வானொலியைக் கொடுத்துவிட வேண்டும்.
பெட்டி ஐம்பது கிலோவைத் தாண்டக் கூடாது.
புறப்படும்போது வீட்டுச் சாவியில்
பெயர்ச்சீட்டு கட்டித் தர வேண்டும்.

வெள்ளிக்கிழமை.
நகராட்சி அலுவலகம் பன்னிரண்டரைக்கே பூட்டிவிட்டது.
சுத்தியல்களோடு பெட்டியில் போட மனம் வரவில்லை.
பக்கத்து இருக்கையில் வைத்தேன்.
சாவியைத் திருகியதும் வண்டி கூவத் தொடங்கியது:
ஆள் இருக்கிறார், பட்டை போடு.
சாப்பாட்டுப் பைக்கே கூவும் பழைய வண்டிதான்.
இருந்தாலும்
போட்டுவிட்டேன்.

சமையலறை வேண்டாம் என்றாள் வீப்கே.
நிலவறை வேண்டவே வேண்டாம்.
தரையில் வைக்கலாமா என்றேன்.
தரையில்தானே இருந்தது என்றாள்.
இரண்டு பேரும் வைக்கவில்லை.

கடைசியில் கூடத்து அலமாரியின் மேல்,
செய்தித்தாள் விரித்து.
அப்பா வழியில் வந்த வால்நட் அலமாரி.
போர்க்காலத்தில் ஏலத்தில் எடுத்தது,
கொள்ளை மலிவு என்பார்கள் வீட்டில்.
அதில் இரண்டாவது சொல்தான்
இத்தனை நாள் என் காதில் விழுந்திருக்கிறது.

ஞாயிறு இரவு
ஆளுக்கொரு பக்கம் பிடித்து அதை நகர்த்தினோம்.
பின்பலகையில், ஒட்டடைக்குக் கீழே,
சுண்ணக்கட்டியில் எழுதிய எண்: 208.
பக்கத்தில் பாதி அழிந்த ஒரு சுழி,
எழுத்தா, கை தவறிய கோடா, சொல்ல முடியவில்லை.
ப்ளௌட் வீட்டுச் சாமான் என்பதற்கு ஆதாரம் ஏதும் இல்லை.
வேறு யாருடையதாகவோ இருக்கும்
என்று சொல்லிப் பார்த்தேன்.
சொன்ன பிறகு
அது ஆறுதலாக இல்லை.

திங்களன்று கையெழுத்து வாங்கி ஒப்படைத்தேன்.
மூன்று வாரம் கழித்து, குழி மூடிய பின்,
துடைத்துத் திருப்பித் தந்தார்கள்.
தடுக்குக் கல் என்றுதான் இதற்குப் பெயர்.
யாரும் தடுக்கி விழாதபடி பதிக்க வேண்டும் என்பது
எங்கள் துறையின் விதி,
மூன்று மில்லிமீட்டருக்கு மேல் மேடு ஆகாது.
மணல் பரப்பினேன், ரப்பர் சுத்தியலால் தட்டினேன்,
ரசமட்டத்தில் குமிழி நடுவில் வந்து நின்றது.
எழுந்து முழங்காலைத் துடைப்பதற்குள்
ஒரு தள்ளுவண்டி அதன்மேல் போனது.
உள்ளே குழந்தை விழிக்கவில்லை.
நல்ல வேலை என்றார் மேற்பார்வையாளர்.

அலமாரியை
இன்னும் சுவரோடு தள்ளவில்லை.
எண் தெரிய, முதுகைக் காட்டிக்கொண்டு
கூடத்தின் நடுவே நிற்கிறது.
இரவில் எழுந்து போகையில்
முழங்காலில் இடிக்கிறது.
வீப்கே இருட்டில் கெட்ட வார்த்தை சொல்கிறாள்.
நகர்த்தச் சொல்வதில்லை.